அரபு மாணவர்களிடம் ஐக்யூ சோதனையும் நடத்தை வினாப்பட்டியலும்: புதிதாக இறங்குபவருக்கு

அரபு மாணவர்களின் நுண்ணறிவு பற்றித் தேடத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பது நாடுவாரி ஐக்யூ பட்டியல். 2002ல் பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் லின்னும் ஃபின்லாந்து அரசியல் அறிஞர் டாட்டு வான்ஹானனும் வெளியிட்டது. அதில் இருப்பவை 185 நாடுகள். 81 நாடுகளுக்குத்தான் ஏதோ ஒரு சோதனைத் தரவு கையில் இருந்தது. மீதி 104க்கும் அக்கம்பக்கத்து நாடுகளின் எண்ணைப் பார்த்துப் போட்ட ஊகம். உங்கள் ஆய்வறிக்கையின் முதல் பத்தியை இந்தப் பட்டியலிலிருந்து தொடங்கினால், விஷயம் தெரிந்த தேர்வாளர் இரண்டாம் பத்திக்கே போகமாட்டார்.

ஒரு சிக்கலும் உண்டு. சூடான், சவூதி தரவுகளை வைத்து வந்த பல கட்டுரைகளில் லின் இணை ஆசிரியர். களத்தில் தரவு திரட்டியவர்கள் உள்ளூர் உளவியலாளர்கள். அதற்கு இனம், நாடு என்று விளக்கம் பூசியது வேறு வேலை. தரவை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடலாம். ஆனால் எது எது என்று பிரித்துப் படிக்கப் பழக வேண்டும்.

இந்தக் கட்டுரை இரண்டு பேரை மனத்தில் வைத்து எழுதியது: உளவியலில் முதுகலை ஆய்வு செய்பவர், வளைகுடாப் பள்ளிகளில் ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்திருப்பவர். இருவருக்கும் வேலை ஒன்றுதான். அரபு மொழி பேசும் பிள்ளைகளிடம் ஒரு நுண்ணறிவுச் சோதனை, ஒரு நடத்தை வினாப்பட்டியல், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி.

முதலில் அரபியில் தேடுங்கள்

இந்தத் துறை அரபு நாடுகளுக்கு நேற்று வந்ததல்ல. எகிப்தில் இஸ்மாயில் அல்-கப்பானி சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரான்ஸில் உருவான பினே நுண்ணறிவுச் சோதனையை அரபுக்குக் கொண்டுவந்தார். அப்துல் அஸீஸ் அல்-கூஸி லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் படித்து, வடிவங்களை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் திறன் ஒரு தனிக் காரணி என்று 1935ல் காட்டினார். உலகெங்கும் பாடநூல்களில் ‘கே காரணி’ என்று வருவது அதுதான். லூயிஸ் காமில் மலீகா வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைகளை எகிப்துக்கு ஏற்ப மாற்றினார். வடிவத்தில் விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ரேவன் படச் சோதனைக்கு ஃபுஆத் அபூ ஹதப் குழு 1977ல் சவூதி அளவுகோல் தந்தது. அஹ்மத் அப்துல் காலிக் குவைத்தில் 8 முதல் 15 வயது வரையுள்ள 6,529 பிள்ளைகளின் ரேவன் தரவை 2005ல் வெளியிட்டார்.

இவற்றில் பெரும்பகுதி அரபு இதழ்களில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. ‘தக்னீன்’ என்பது ஒரு சோதனையை உள்ளூர் மக்களுக்குத் தரப்படுத்துவதைக் குறிக்கும் சொல். ‘அல்-மஸ்ஃபூஃபாத் அல்-முததாபிஆ’ என்பது ரேவன் சோதனையின் அரபுப் பெயர். இரண்டையும் அரபு எழுத்தில் தட்டி, நாட்டின் பெயரையும் சேருங்கள்.

நாட்டின் பெயர் என்றதும் இன்னொன்று. அரபு லீகில் 22 நாடுகள். தோஹாவின் தனியார் பள்ளியும் சூடானின் கிராமப் பள்ளியும் ‘அரபு மாணவர்’ என்ற ஒரே பெட்டிக்குள் அடங்காது. ஒரு நாடு, ஒரு நகரம், ஒரு வகைப் பள்ளி என்று சுருக்கிக்கொள்ளுங்கள். தலைப்பிலும் அதையே எழுதுங்கள்.

எந்தச் சோதனை

புதியவருக்கு ரேவனின் ஸ்டாண்டர்ட் புரோகிரசிவ் மாட்ரிசஸ் போதும். 1938ல் வந்தது. 60 கேள்விகள், ஏ முதல் இ வரை ஐந்து தொகுதி, தொகுதிக்கு 12. ஏ, பி தொகுதிகளில் கேள்விக்கு 6 விடைகள், மற்ற மூன்றிலும் 8. எட்டு வயதுக்கு மேல் குழுவாக உட்கார வைத்துக் கொடுக்கலாம். அதற்குக் கீழே 36 கேள்வி கொண்ட வண்ணப் பதிப்பு. அதைத் தனித்தனியாகக் கொடுப்பதே நல்லது. தலைநகரத்துப் பெரிய பள்ளிகளில் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்டாண்டர்ட் கொடுத்தால் பலரும் 50க்கு மேல் குவிந்துவிடுவார்கள். கெட்டிக்காரர்களுக்குள் வித்தியாசமே தெரியாது. அங்கே அட்வான்ஸ்ட் பதிப்பு. உரிமை பியர்சன் நிறுவனத்திடம். நகல் எடுத்த கையேட்டில் கோடுகள் மங்கினால் கேள்வியே மாறிவிடும், சட்டச் சிக்கல் தனி.

படம்தானே, மொழி குறுக்கே வராது, ஆகவே பண்பாட்டுச் சார்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். ரேவனில் விடுபட்ட துண்டு வலது கீழ் மூலையில் இருக்கும்; இடமிருந்து வலம் படிப்பவருக்கு வரிசை முடியும் இடம் அது. அரபுப் பிள்ளையின் கண் வலமிருந்து இடம் போகிறது. எண்களை மனத்தில் அடுக்கும் திசைகூட எழுதும் திசையோடு சேர்ந்து மாறுகிறது என்று 2005ல் சமார் ஸெபியான் அரபு மட்டுமே படித்தவர்களிடம் காட்டியிருக்கிறார். ரேவன் மதிப்பெண்ணை இது எவ்வளவு பாதிக்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஏ தொகுதியின் முதல் இரண்டு கேள்விகளைச் சேர்ந்து செய்து காட்டும்போது, குறுக்கிலும் நெடுக்கிலும் விரலால் தடவிக் காட்டினால் பெரும்பாலோருக்குப் பிடிபட்டுவிடும்.

வெக்ஸ்லரின் எண் நினைவுப் பகுதியைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். 1986ல் நவே-பெஞ்சமினும் ஏயர்ஸும் நான்கு மொழி பேசும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரே மூச்சில் எத்தனை எண்ணை நினைவில் வைக்க முடிகிறது என்று பார்த்தார்கள். ஆங்கிலம் 7.21, ஹீப்ரு 6.51, ஸ்பானிஷ் 6.37, அரபு 5.77. அரபு மாணவருக்கு நினைவாற்றல் குறைவா? எண்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: ஸலாஸா, அர்பஆ, ஸமானியா. ஒவ்வொன்றும் நீளம். சொல்ல நேரம் பிடிக்கும் எண் நினைவில் குறைவாகவே நிற்கும். நான்கு மொழிகளிலும் வேகமாகச் சொல்ல முடிந்த மொழிக்கே அதிக எண் நின்றது. ஆங்கில அளவுகோலை வைத்து அரபில் கேட்டால், பிள்ளையின் மூளையில் இல்லாத குறையை நீங்களே உண்டாக்கி எழுதிவிடுவீர்கள்.

மனிதனை வரையச் சொல்லும் குட்எனஃப் சோதனை மலிவானது, பத்து நிமிடத்தில் முடியும். அதனால்தான் பழைய அரபு ஆய்வுகளில் நிறைய வருகிறது. பெய்ரூத்தில் இருந்த வெய்ன் டென்னிஸ் 1950களில் இந்தப் பகுதிப் பிள்ளைகளிடமும் பாலைவன நாடோடிகளான பதவீன்களிடமும் நடத்தியது புகழ்பெற்றது. படம் பார்த்தும் வரைந்தும் பழகாத இடத்தில் மதிப்பெண் இறங்கியது. இப்போது அதை எடுத்துச் செய்வதில் இன்னொரு சிக்கல். தோப் என்ற நீள அங்கி அணிந்த ஆணை வரைந்தால் கால் தெரியாது. தலைத்துணி போட்டால் முடி தெரியாது. உடலை மூடும் அபாயா அணிந்த பெண்ணை வரைந்தால் கழுத்தும் தோளும் போச்சு. மதிப்பெண் அட்டவணையோ கால், கழுத்து, தலைமுடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி தருகிறது. அப்பா அணிவதைச் சரியாக வரைந்த பிள்ளைக்கு மார்க் குறைகிறது. உருவம் வரைவதை மதக் காரணத்தால் விரும்பாத குடும்பங்களும் உண்டு. பழைய தரவோடு ஒப்பிடும் தேவை இருந்தால் தவிர இதைத் தொடாதீர்கள்.

எந்த அட்டவணை

ரேவனில் ஒரு பிள்ளை 38 எடுத்தது என்பது வெறும் கச்சா மதிப்பெண். அதை ஐக்யூ ஆக்குவது நார்ம் அட்டவணை: அதே வயதுப் பிள்ளைகள் எவ்வளவு எடுத்தார்கள் என்ற ஒப்பீடு. சராசரி 100, திட்ட விலக்கம் 15. யாருடைய அட்டவணை, எந்த ஆண்டு அட்டவணை என்பதில்தான் இந்தத் துறையின் பாதிச் சண்டை.

சவூதியில் 1977 தரவையும் 2010 தரவையும் வைத்து வந்த ஒப்பீட்டில் 33 ஆண்டில் 11.7 புள்ளி உயர்வு. பத்தாண்டுக்குச் சுமார் மூன்றரை. அதாவது 2010ன் நடுத்தரப் பிள்ளையை 1977 அட்டவணையில் வைத்தால் 111, 112 என்று வரும். பழைய அட்டவணை பிள்ளையைத் தூக்கிக் காட்டும். புதிய பிரிட்டிஷ் அட்டவணை இறக்கிக் காட்டும். இரண்டும் அதே 38தான். ஆகவே கச்சா மதிப்பெண்ணின் சராசரியையும் விலக்கத்தையும் வயதுவாரியாகக் கட்டாயம் வெளியிடுங்கள். ஐக்யூ எண்ணை மட்டும் தரும் கட்டுரை பின்னால் வருபவருக்கு உதவாது.

மொழி: செந்தமிழும் பேச்சுத்தமிழும் தெரிந்தவருக்கு இது புரியும்

எழுத்து மொழியான ஃபுஸ்ஹா, வீட்டில் பேசும் ஆம்மிய்யா என்ற இரட்டை வழக்கு அரபில் உண்டு. 1959ல் ஃபெர்குசன் இரட்டை வழக்கை வரையறுத்தபோது எடுத்த நான்கு மொழிகளில் அரபும் ஒன்று. நாம் ‘அமர்க’ என்று எழுதி ‘உக்காரு’ என்று பேசுவது போலத்தான், ஆனால் ஊருக்கு ஊர் இடைவெளி அதிகம். ‘இப்போது’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். ஃபுஸ்ஹாவில் அல்-ஆன். எகிப்தில் தில்வஃதி, சிரியா, லெபனான் பக்கம் ஹல்லஃ, வளைகுடாவில் அல்-ஹீன், மொராக்கோவில் தாபா. ‘இப்போது பக்கத்தைத் திருப்புங்கள்’ என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எதில் சொல்வீர்கள்?

ரேவன் போன்ற படச் சோதனையில் அறிவுறுத்தலை உள்ளூர்ப் பேச்சில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் வாய்க்கு வந்தபடி அல்ல. ஒரு பக்கத்துக்குள் எழுதி, உள்ளூர் ஆசிரியர் இருவரிடம் திருத்தி வாங்கி, எல்லா வகுப்பிலும் அதையே வாசிக்க வேண்டும். எகிப்திய ஆசிரியர் குவைத் பிள்ளைகளிடம் வாசித்தால் பேச்சு வழக்கு மாறிப்போகும்; வளைகுடாப் பள்ளிகளில் இது சாதாரணமாக நடப்பது. யார் வாசித்தார் என்பதைக் குறித்து வையுங்கள்.

வினாப்பட்டியலை நீங்களே மொழிபெயர்ப்பதாக இருந்தால் சர்வதேசச் சோதனைக் குழுமத்தின் 2017 வழிகாட்டலைப் பின்பற்றுங்கள். இருவர் தனித்தனியே அரபாக்கம், சேர்த்துப் பார்த்தல், மூலம் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலமாக்கம், பிறகு 30 முதல் 50 பிள்ளைகளிடம் வெள்ளோட்டம். திரும்ப மொழிபெயர்த்தது மூலத்தோடு பொருந்திவிட்டது என்பதாலேயே நிம்மதி அடையாதீர்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான மொழிபெயர்ப்புதான் திரும்பும்போது அழகாகப் பொருந்தும். வெள்ளோட்டத்தில் பிள்ளையிடம் ‘இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உன் வார்த்தையில் சொல்’ என்று கேட்பதுதான் உண்மையான சோதனை.

அனுமதி, நாள், அறை

பல்கலைக்கழக நெறிக்குழு, கல்வி அமைச்சகம், பள்ளி முதல்வர், பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம். இந்த ஐந்தும் இல்லாமல் போகாதீர்கள். அமைச்சகக் கடிதத்துக்கு ஒரு பருவம்கூட ஆகலாம். சவூதியில் ஆண், பெண் பள்ளிகள் தனித்தனி, பெண்கள் பள்ளிக்குள் பெண் ஆய்வாளர்தான் போக முடியும். அதற்கான விளைவு தரவில் இருக்கும்: ஆண்களைச் சோதித்தவர் ஒருவர், பெண்களைச் சோதித்தவர் வேறொருவர் என்றால், மதிப்பெண் வித்தியாசம் பிள்ளைகளுடையதா சோதித்தவர்களுடையதா என்று பிரிக்க முடியாது. இருவருக்கும் ஒன்றாகப் பயிற்சி கொடுங்கள்; ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேராவது சோதிக்கட்டும்.

ரமலானில் வைக்காதீர்கள். பள்ளி நேரம் குறையும், தூக்கம் மாறும், பெரிய பிள்ளைகள் நோன்பில் இருப்பார்கள். நடத்தை வினாப்பட்டியலில் ‘அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறான்’ என்ற கேள்வி இருக்கிறது. அந்த மாதம் அதற்கு வரும் பதில் வேறு. சவூதியில் 2013 முதல் பள்ளி வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. அமீரகத்தில் 2022 முதல் திங்கள் தொடங்கி வெள்ளி அரைநாள். கடைசி நாள் கடைசிப் பீரியடை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காலை இரண்டாம் பீரியட் நல்லது.

வகுப்பில் செய்ய வேண்டியவை:

1. 30 பேருக்கு இரண்டு கண்காணிப்பாளர். பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். உதவி கேட்ட தோழனுக்குக் காட்டாமல் இருப்பது அங்கே பல பிள்ளைகளுக்குச் சங்கடம். திட்ட வேண்டாம், இடைவெளி விட்டாலே போதும்.
2. இது பரீட்சை அல்ல, மார்க் அட்டையில் ஏறாது என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.
3. கையேட்டை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.
4. நேர வரம்பு வேண்டாம். 45 நிமிடத்தில் பெரும்பாலோர் முடிப்பார்கள். பீரியட் மணி அடிப்பதால் வாங்கிவிடுவது பெரிய தவறு. இரண்டு பீரியட் கேட்டு வாங்குங்கள்.
5. விடைத்தாளில் ஒரு வரிசை தள்ளிக் குறிப்பது அடிக்கடி நடக்கும். பி தொகுதி தொடங்கும்போது எல்லாத் தாளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

திருத்தும்போது, கண்ணை மூடிக் குறித்தாலே சராசரியாக எட்டரை மதிப்பெண் வரும் என்பதை நினைவில் வையுங்கள் (24 கேள்வியில் ஆறில் ஒன்று, 36ல் எட்டில் ஒன்று). ஒரு மொத்த மதிப்பெண்ணுக்கு ஐந்து தொகுதிகளிலும் எவ்வளவு வர வேண்டும் என்ற பட்டியல் கையேட்டில் இருக்கிறது. எந்தத் தொகுதியிலாவது இரண்டுக்கு மேல் விலகினால் அந்தத் தாளைச் சந்தேகத்தோடு பாருங்கள். எளிய ஏ தொகுதியில் 5ம் கடினமான இ தொகுதியில் 7ம் எடுத்த பிள்ளை இல்லை. பக்கத்துத் தாள்தான் இருக்கிறது.

வயது: பலரும் சறுக்கும் இடம்

பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி ஹிஜ்ரியில் இருக்கலாம், குறிப்பாகச் சவூதியில். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள். நம் நாட்காட்டியைவிட 11 நாள் குறைவு. 1436 முஹர்ரம் முதல் நாள் பிறந்த பிள்ளைக்கு 1447 முஹர்ரம் முதல் நாளன்று ஹிஜ்ரிக் கணக்கில் சரியாக 11 வயது. ஆனால் அந்த இரண்டு நாட்கள் 25 அக்டோபர் 2014, 26 ஜூன் 2025. உண்மையில் 10 வயது 8 மாதம். ரேவன் அட்டவணைகள் அரை ஆண்டுக்கு ஒரு வரிசை என்று போகும். இந்த நான்கு மாதம் பிள்ளையை மேல் வரிசைக்குத் தள்ளி, ஐக்யூவைக் கீழே இறக்கிவிடும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே திசையில் நடக்கும் பிழை என்பதால் சராசரி பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. எல்லாத் தேதியையும் சவூதியின் அதிகாரப்பூர்வ ஹிஜ்ரி நாட்காட்டியான உம்முல் குராவை வைத்து ஆங்கிலத் தேதிக்கு மாற்றி, வயதை மாதத்தில் கணக்கிடுங்கள்.

நடத்தை வினாப்பட்டியல்

எஸ்டிக்யூ (பலங்களும் சிக்கல்களும் வினாப்பட்டியல்) புதியவருக்கு ஏற்றது; பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் உருவாக்கியது. 1997ல் வந்தது, 25 வரிகள், ஐந்து பிரிவு: மனக்கவலை, நடத்தைச் சிக்கல், அலைபாய்தல், நண்பர் சிக்கல், பிறருக்கு உதவும் குணம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. கடைசிப் பிரிவை விட்டு மற்ற நான்கையும் கூட்டினால் மொத்தச் சிக்கல், 40க்கு. அரபுப் பதிப்பு அதிகாரப்பூர்வமாக இருக்கிறது, தாளில் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. வார்த்தையை மாற்றவோ கூகுள் ஃபார்மில் ஏற்றவோ அனுமதி வாங்க வேண்டும்.

7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து வரிகள் நல்ல குணத்தைக் கேட்பவை. அவற்றைத் தலைகீழாக்கித்தான் கூட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு ‘நம்பகத்தன்மை 0.4 வருகிறது, அரபுப் பிள்ளைகளுக்கு இந்த அளவுகோல் ஒத்துவரவில்லை’ என்று முடிவுரை எழுதுவது நடக்கிற கூத்துதான். ஒரு பிரிவில் மூன்று வரிக்காவது பதில் இருந்தால் மீதியைச் சராசரியால் நிரப்பலாம். அதற்குக் குறைந்தால் அந்தப் பிரிவை விட்டுவிடுங்கள்.

தலைகீழாக்கிய பிறகும் சில இடங்கள் இடிக்கும். ஏமனில் அல்யஹ்ரீயும் குட்மனும் 2006ல் அரபுப் பதிப்பைச் சோதித்து ஏற்கலாம் என்றார்கள். காசா பிள்ளைகளிடம் 2000ல் தாபித்தும் கூட்டாளிகளும் பார்த்தபோது, மேற்கில் ஒரே கட்டாகச் சேரும் வரிகள் அங்கே அப்படிச் சேரவில்லை. 7ம் வரி சொல்பேச்சுக் கேட்பது பற்றியது. கேட்பதே இயல்பு என்று வளர்க்கும் வீட்டில் ஏறத்தாழ எல்லோருக்கும் ‘ஆம்’ விழும், அந்த வரி யாரையும் பிரித்துக் காட்டாது. திருட்டு, பொய் பற்றிய வரிகளைத் தாய் நிரப்பினால் குடும்ப மானம் குறுக்கே வரும். ஆசிரியர் நிரப்பினால் அந்தத் தடை குறைவு, ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் குறும்பை அவர் மன்னித்துவிடுவார். முடிந்தால் இருவரிடமும் வாங்குங்கள். மொத்தச் சிக்கல் மிக அதிகம் என்று கொள்ளும் எல்லைக்கோடும் நிரப்புபவருக்கு ஏற்ப மாறும்: பெற்றோர் என்றால் 17, ஆசிரியர் 16, பிள்ளையே நிரப்பினால் 20. மூன்றும் பிரிட்டிஷ் எல்லைகள். அவற்றை வைத்து ‘இத்தனை சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல்’ என்று எழுதாதீர்கள்.

வளர்ப்பு முறையையும் கேட்க நினைத்தால் ஒரு முன்னெச்சரிக்கை. மர்வான் த்வைரியும் கூட்டாளிகளும் எட்டு அரபுச் சமூகங்களில் 2,893 வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், ‘கண்டிப்பு’, ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற மேற்கத்தியப் பிரிவுகள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று கலந்தன. ஒரே வீட்டில் கண்டிப்பும் விட்டுக்கொடுத்தலும் சேர்ந்து வரும். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிதாக இருக்காது.

தட்டச்சும் கணக்கும்

எகிப்து முதல் வளைகுடா வரை கையால் எழுதும் எண்கள் கிழக்கு அரபு வடிவம். அதில் பூஜ்யம் வெறும் புள்ளி. நம் பூஜ்யம் போல வட்டமாக இருப்பது 5. அங்குள்ள 6 நம் 7 போலத் தெரியும். 2க்கும் 3க்கும் ஒரு பல் வித்தியாசம். தெரியாதவர் தட்டினால் விடைத்தாளில் எல்லா 5ம் 0 ஆகிவிடும். இன்னொன்று: எண்ணை எழுதுவது இடமிருந்து வலம்தான், ஆனால் சொல்லும்போது ஒன்றாம் இடம் முதலில் வரும், ‘ஐந்தும் நாற்பதும்’ என்று. ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டினால் 45 என்பது 54 ஆவது நிச்சயம். பத்தில் ஒரு தாளையாவது மறுமுறை தட்டி ஒப்பிடுங்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியாவில் நம் 1, 2, 3தான், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

600 பிள்ளைகள் என்று பெருமைப்படுவதற்கு முன் ஒரு கணக்கு. வகுப்பு வகுப்பாக எடுத்தால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். வகுப்புக்கு 30 பேர், வகுப்பினுள் ஒற்றுமை 0.2 என்றால், 1 + 29 × 0.2 = 6.8. 600ஐ இதால் வகுத்தால், உங்கள் 600 பேர் உண்மையில் 88 பேருக்குச் சமம். இரண்டு மூன்று பள்ளியை முழுதாக எடுப்பதைவிட, பல பள்ளிகளில் வகுப்புக்குப் பத்துப் பேர் எடுப்பது நல்லது. பகுப்பாய்வில் வகுப்பையும் பள்ளியையும் ஒரு மட்டமாகச் சேருங்கள்.

ஐக்யூவுக்கும் நடத்தைச் சிக்கலுக்கும் ஒட்டுறவு −0.2 வந்தால், பிள்ளைகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் விளக்கப்படுவது அதன் வர்க்கமான 4 சதவீதம்தான். அந்த 4 சதவீதத்திலும் பெற்றோர் படிப்பு, ஆசிரியரின் அபிப்பிராயம், மொழி எல்லாம் கலந்திருக்கும். பெற்றோர் படிப்பைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டு, எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். ஆண், பெண்ணை அல்லது இரண்டு நாடுகளை ஒப்பிடுவதற்கு முன், அளவுகோல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல அளக்கிறதா என்ற சமத்தன்மைச் சோதனை கட்டாயம்; கட்டுப்பாட்டைக் கூட்டும்போது, மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் சிஎஃப்ஐ எண் 0.01க்கு மேல் இறங்கினால் சராசரிகளை ஒப்பிடாதீர்கள்.

பள்ளிக்கு அறிக்கை தரும்போது பிள்ளை வாரியாக ஐக்யூ எண் கேட்பார்கள், முதல்வர் நட்பாகக் கேட்பார், பெற்றோர் வாட்ஸாப்பில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், வகுப்புச் சராசரி மட்டும். நடத்தைப் பட்டியலில் ஒரு பிள்ளைக்கு எல்லாப் பிரிவும் உச்சத்தில் இருந்தால், பள்ளி ஆலோசகரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பெற்றோர் சம்மதக் கடிதத்திலேயே முன்கூட்டி எழுதியிருக்க வேண்டும். பெயரும் குறியீட்டு எண்ணும் உள்ள தாள் ஒரு பூட்டில், விடைத்தாள்கள் வேறொரு பூட்டில்.